மடுவில் இரண்டு கட்டைகள்

இலுப்பை மரங்கள் அடர்ந்த ஒரு காட்டில், ஒரு கோடையில் ஓடைகளெல்லாம் வற்றி ஒரே ஒரு மடுவில் மட்டும் தண்ணீர் மிஞ்சியது. அந்த மடுவில் ஒரு முதலை கிடந்தது. அது ஒரு குமிழிகூட விடாது. எங்கே இருக்கிறதென்று யாருக்கும் தெரியாது.

அதனால் விலங்குகள் முறைவைத்துக் காவல் நின்றன. காவலுக்கு வருபவரிடம் மூத்த மான், "போதை உண்டா?" என்று கேட்கும். உண்டென்றால் திரும்பிப் போய்விட வேண்டும். பொய் சொல்லும் வழக்கம் அந்தக் காட்டில் இல்லை.

காத்தான் என்ற கரடிக்கு இதுதான் தலைவலி. உதிர்ந்து புளித்த இலுப்பைப்பூவைக் கண்டால் அவனுக்குக் கால் நகராது. பொய் சொல்லவோ நாக்கு எழாது. புலவர் வீட்டுக் கூண்டிலிருந்து தப்பி வந்த கிளி அவனுக்குக் கைகொடுத்தது.

"இதைப் போய்ப் போதை என்பார்களா, அண்ணா? ஒரு பிடி தின்றால் அது மகிழ். இரண்டு பிடி தின்றால் களி. மூன்றானால் செருக்கு. எல்லாம் அந்தக் காலத்து நல்ல சொற்கள்."

கரடிக்கு உச்சி குளிர்ந்தது. அன்று வயிறு முட்டத் தின்றுவிட்டு, "இதற்கு என்ன பெயர்?" என்று கேட்டான்.

"மதர்வை. அரசர்களுக்கு வாய்ப்பது."

மடுக்கரையில் மான் வழக்கம்போலக் கேட்டது. "போதை இல்லை, மதர்வைதான்" என்றான் கரடி. மானுக்கு அந்தச் சொல் புரியவில்லை. புரியவில்லை என்று சொல்ல வெட்கப்பட்டு வழிவிட்டது.

உச்சிப்பொழுது. ஓர் இலை அசையவில்லை, ஒரு வண்டு இரையவில்லை. கரையோரம் மிதந்த மரக்கட்டையைக் கரடி கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தான். இரண்டு கட்டைகள் தெரிந்தன.

"மதர்வையில் ஒன்று இரண்டாகத்தான் தெரியும், அண்ணா. ஒன்று வெறும் தோற்றம்" என்றது கிளி. அது மடுவின் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

சற்றுமுன் அந்த இரண்டாவது கட்டை எதிர்க்கரையில் அல்லவா கிடந்தது? கரடிக்கு முதுகு சிலிர்த்தது. தோற்றம்தானே, நகர்ந்தால் என்ன என்று விட்டுவிட்டான்.

அவன் குட்டி பூளை தாகத்தோடு ஓடிவந்தாள். "அப்பா, இறங்கட்டுமா?"

"இறங்கு கண்ணு. பயமில்லை."

தண்ணீர் ஒருமுறை சுழித்தது. சத்தமே இல்லை. பிறகு மடு முன்போலவே அசையாமல் கிடந்தது. கரையோரம் ஒரே ஒரு கட்டை மிதந்தது.

கரடி பாய்ந்தான். பொழுது சாயும்வரை மடுவைக் கலக்கினான். கையில் சேறுதான் வந்தது.

"என்ன நடந்தது?" என்று ஓடிவந்து கேட்டது மான்.

"இதை ஊழ் என்பார்கள்..." என்று தொடங்கியது கிளி.

"வாயை மூடு" என்றான் கரடி. மானைப் பார்த்துச் சொன்னான்: "எனக்குப் போதை. என் மகளை நானே கொன்றுவிட்டேன்."

நீதி: குற்றத்துக்கு அழகான பெயர் சூட்டுபவன் நண்பன் அல்லன், அந்தப் பெயரை ஏற்பவன் தனக்கே பகைவன்.