திருடனே வராத விரலூர்

அங்கயே படுடி பூவிழி, அப்பா பக்கத்துல. மூக்கை உறிஞ்சிக்கிட்டு அம்மா கட்டிலுக்கு வந்தேன்னா தெரியும் சேதி. கதை அங்கயும் கேக்கும். ம் மட்டும் கொட்டு.

ஒரு ஊர்ல ஒரு காவல்காரன் இருந்தான். ஊர் பேரு விரலூர். ஆமா, அம்மா விரலுக்குள்ளதான். அவன் பேரு சடையப்பன். பெரிய பொறுப்புசாலி! இடுப்புல ஒரு பொடிப்பையைக் கட்டிக்கிட்டு சும்மா உக்காந்திருக்கிறதுதான் உத்தியோகம்.

ஒரு நாள் சரக்குன்னு ஒரு மீன் முள்ளு உள்ள வந்துச்சு. அதுல தொத்திக்கிட்டு கிருமித் திருடனுங்க. அப்போ சடையப்பன் பையை டமார்னு போட்டு உடைச்சான். உள்ள ஹிஸ்டமின்னு ஒரு பொடி. அது பட்டதும் ரத்தக்குழாய் எல்லாம் ஜன்னலைத் தொறந்துடுச்சு. தண்ணி குபுகுபுன்னு வெளிய வந்து, ஊரே செவசெவன்னு வீங்கிப்போச்சு. இன்னொருத்தன் வலிமணியை ணங் ணங்னு அடிச்சான். அம்மா தூங்கிடக் கூடாதாம், என்னா அக்கறை!

ம் சொல்லு.

அப்புறம் ஜன்னல் வழியா வெள்ளையணுப் பசங்க திபுதிபுன்னு வந்தாங்க. திருடனைத் தின்னாங்க, தின்னுட்டு அங்கயே செத்தாங்க. சீழ்னு சொல்றோமே, அதான். கடைசியா பெருந்தீனின்னு ஒருத்தன் வந்து, குப்பையெல்லாம் லபக் லபக்னு முழுங்கிட்டு, "போதும், வீட்டுக்குப் போங்கடா"ன்னான். வீக்கம் வத்திப்போச்சு.

ரெண்டாவது தடவை அருவாமணை வெட்டு. அப்பவும் இதே கூத்துதான், ஒழுங்கா முடிஞ்சுது.

மூணாவது தடவை திருடனே வரலைடி! முள்ளும் இல்ல, வெட்டும் இல்ல. எவனோ "திருடன்"னு கத்தினான். யாருடா பாத்ததுன்னு கேக்க அங்க யாருக்கு நேரம்? பை டமார், ஜன்னல் படார், பசங்க திபுதிபு. வந்தவங்க திரும்பிப் போனாங்களா? வந்ததுக்கு எதையாவது கடிப்போம்னு, விரல் கணுவையே கறுக் மொறுக்னு கடிக்க ஆரம்பிச்சாங்க. அவங்களைத் துரத்த வேண்டிய பெருந்தீனி இருக்கானே, மகராசன், அவனே வாசல்ல நின்னு "இன்னும் வாங்கடா, வாங்கடா"ன்னு கூவுறான்! அதான் அம்மாவால உனக்குச் சடை பின்ன முடியாமப் போச்சு.

அப்புறம் டாக்டரம்மா ஒரு ஊசி போட்டாங்க. அது போய் பெருந்தீனி வாயைப் பொத்துச்சு. ஊரே கப்சிப். விரல் மடங்குச்சு. நேத்து ரெட்டைச் சடை போட்டுவிட்டேன்ல?

என்ன? இனிமே நெஜத் திருடன் வந்தா யாரு கத்துவாங்களா?

கேட்டா பாரு கேள்வி. சரியா யாரும் கத்த மாட்டாங்க. உன் மூக்குல இப்ப ஒரு திருட்டுக் கூட்டம் குடியிருக்குல்ல, அது இங்க தாவினா அம்மா ஆஸ்பத்திரிலதான் படுக்கணும். அதுக்குத்தான் உன்னை அங்க படுக்க வெச்சேன். நீ என்னடான்னா அப்பாகிட்ட, "அம்மாவுக்கு என்னைப் பிடிக்கல"ன்னு சொன்னியாம். அதைக் கேட்டு எனக்கு வலிச்ச வலி இருக்கே, அதுக்கு எந்த ஊசியும் கெடையாதுடி.

ம் எங்க? தூங்கிட்டியா?

உன் ம் ஏன் கிணத்துக்குள்ளேர்ந்து வர்ற மாதிரி வருது? ஏங்க, அந்த லைட்டைப் போடுங்க.

அடிப்பாவி! அப்பா துண்டை எடுத்து வாயையும் மூக்கையும் கட்டிக்கிட்டா ம் கொட்டுற?

அவுருடி, மூச்சு முட்டும். அந்தப் பக்கமாத் திரும்பிப் படு, போதும். கதை வத்திப்போச்சு, உன் சளியும் வத்தட்டும். வத்தின அன்னிக்கு இந்தக் கட்டிலுக்கு ஓடிவா. இப்ப கண்ணை மூடு.