திரும்பாத ராணி

தவசிமணி எந்த ஆட்டத்திலும் இரண்டாவது நகர்த்தலிலேயே ராணியை வெளியே எடுத்துவிடுவார். எந்த ஆட்டத்திலும் தோற்றும் போவார். தோற்றபின் எதிரே இருப்பவனை ஒரு வாரத்துக்கு முறைப்பார்.

உப்பு லாரி ஓட்டி ஓய்ந்தவர். தூத்துக்குடியில் ஒரு மாடியில் நடக்கும் சதுரங்கக் கழகத்தில் அவருக்குச் சொல்லிக்கொடுக்கும் ஜெபசெல்வி டீச்சருக்கு அவருடைய மகள் வயதுதான் இருக்கும். ஆனாலும் ஊரில் அவர் காது கொடுத்துக் கேட்பது அந்த ஒருத்தர் சொல்லைத்தான்.

அன்று சாயங்காலம் படியேறி வரும்போதே அவர் முகம் கொதித்துக்கொண்டிருந்தது. மறுநாள் காலையில் தம்பி லிங்கராஜ் மகளுக்குக் கல்யாணம். அவர் தோளில் தூக்கிப்போட்டு வளர்த்த பிள்ளை.

"நீங்க இங்க நிக்கீங்க? கல்யாண வீட்டுல வேலை கிடக்குமே" என்றார் டீச்சர்.

"நான் போகல. பத்திரிகையில என் பேரு இல்ல."

"போடாம விட்டுட்டாங்களா?"

"மாதிரி அடிச்சு வந்ததப் பாத்தேன். பால்துரை பேரு மேல, என் பேரு கீழ."

"பால்துரை பொண்ணுக்குத் தாய்மாமன்லா?"

"நான் பெரியப்பன். அப்பன் செத்தபிறகு லிங்கராஜப் படிக்கவச்சது நானா, பால்துரையா? அச்சாபீஸ்லேயே லிங்கராஜ் முன்னால கிழிச்சுப்போட்டேன். என் பேரே வேண்டாம், இனி உன் வாசல்ல கால் வைக்க மாட்டேன்னுட்டு வந்துட்டேன்."

"தம்பி என்ன சொன்னாரு?"

"அவன் வாயத் தொறக்குறதுக்குள்ள நான் பஸ் ஏறிட்டேன்."

பாடுபட்டவன் பெயரைக் கீழே போடுவது சின்ன விஷயம் என்பார்கள். மேலே பெயர் உள்ளவர்கள்தான் அப்படிச் சொல்வார்கள்.

டீச்சர் பலகையை விரித்துக் காய்களை அடுக்கினார்.

ஆளுக்கொரு சிப்பாயை நகர்த்தினார்கள். உடனே தவசிமணி ராணியைப் பலகையின் ஓரம்வரை விரட்டினார். டீச்சர் குதிரையை எடுத்துத் தன் சிப்பாய்க்குக் காவல் வைத்தார். தவசிமணி எதையோ ஒரு கட்டம் தள்ளினார். டீச்சர் இன்னொரு சிப்பாயை நகர்த்தினார். அது ராணியை வெட்டும்படி வந்து நின்றது.

"ராணிய எடுத்துருங்க அண்ணாச்சி. வந்த வழி திறந்துதான் கிடக்கு."

"ஒரு சிப்பாய்க்குப் பயந்து ராணி வீட்டுக்கு ஓடணுமா?"

காவலில் இருந்த சிப்பாயை ராணியாலேயே அடித்தார். பலகை அதிர்ந்தது. டீச்சர் சத்தமில்லாமல் குதிரையால் ராணியை வெட்டி எடுத்தார்.

"தெரிஞ்சுதான் செஞ்சேன்" என்றார் தவசிமணி.

"தெரியும்."

"கௌரவமா செத்தா."

"செத்தது அவ. கௌரவம் உங்களுக்கு."

தவசிமணிக்குப் பலகையைத் தூக்கி வீசலாம் போல இருந்தது. டீச்சர் வெட்டின காய்களை எடுத்து முன்பிருந்த இடத்திலேயே வைத்தார். ராணியை வெட்டும்படி அந்தச் சிப்பாய் மறுபடி நின்றது.

"இப்ப ஆடுங்க."

வெகுநேரம் ராணியையே முறைத்துக்கொண்டிருந்தார். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு அவளைப் புறப்பட்ட கட்டத்துக்கே கொண்டுபோனார்.

பக்கத்து மேசையில் ஆடிக்கொண்டிருந்த வெயிலுமுத்து எட்டிப் பார்த்தான்.

"என்ன பெரியவரே, ராணி கோவிச்சுக்கிட்டு அம்மா வீட்டுக்கே போயிட்டாளா?"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். தவசிமணி நாற்காலி சரிய எழுந்தார். கை ஓங்கியிருந்தது.

"உக்காருங்க" என்றார் டீச்சர்.

உட்கார்ந்தார்.

"பாத்தீங்கல்லா? நாளைக்கு மண்டபத்துல காலெடுத்து வச்சா இப்படித்தான் சிரிப்பானுவ. வரமாட்டேன்னு வீறாப்பா போனவன் வந்துட்டான் பாருன்னு பால்துரை பந்தியில உக்காந்து சொல்லுவான்."

"சொல்லுவாரு."

"எல்லாவனும் சிரிப்பான்."

"சிரிப்பாங்க."

"பத்திரிகையிலயும் பேரு இல்ல. சிரிப்பும் சிரிச்சாச்சு. அப்ப எனக்கு என்னதான் மிச்சம் டீச்சர்?"

டீச்சர் பலகையைக் குனிந்து பார்த்தார்.

"ராணி இருக்கா அண்ணாச்சி. ஆட்டம் இன்னும் முடியல."