எரிஞ்சு விழாத கடை, வாய் திருப்பாத கிளப்பு

சறுக்குப்பாறைன்னு ஒரு ஊரு. அந்த ஊர்ல மூளை இல்லாம இல்லை, நெறையவே இருந்துச்சு. யாரும் எடுத்துச் செலவு பண்ணலை, அவ்வளவுதான்.

அங்க சடையாண்டின்னு ஒருத்தன். அவனோட கடலைக் காட்டுல தினமும் விடியக்காலைல காட்டுப்பன்னிங்க வந்து குடும்பம் குடும்பமா பந்தி போட்டுச்சுங்க. அவன் பொண்டாட்டி ஒச்சம்மா ஒரு அளவுக்குப் பொறுத்துப் பாத்தா. ஒருநாள் பெட்டியைத் தூக்கிட்டா.

"பன்னி கடலை திங்கும், நான் கஞ்சி குடிக்கணுமா? பன்னியைச் சுட்டுட்டுச் சொல்லியனுப்பு, வர்றேன்"னு பக்கத்து ஊர்ல இருக்கற அம்மா வீட்டுக்குப் போயிட்டா.

சடையாண்டிக்கு உசிரே போயிருச்சு. அலைஞ்சு திரிஞ்சு துப்பாக்கி லைசென்ஸ் வாங்கிட்டான். லைசென்ஸைக் கையில குடுத்த கிளார்க்கு நல்ல மனுசன். போகும்போது ரெண்டு யோசனையும் சொன்னாரு.

"இந்தாப்பா, எவ்வளவு கேள்வி கேட்டாலும் எரிஞ்சு விழாத கடைக்காரனாப் பாத்து வாங்கு. அப்புறம் ஒரு கிளப்புல சேந்து சுடப் பழகிக்க. வாயை யார் பக்கமும் திருப்பாத கிளப்பா இருக்கணும், அதான் முக்கியம்."

அவரு சொன்னது துப்பாக்கியோட வாயை. சடையாண்டி மனுசன் வாய்னு எடுத்துக்கிட்டான்.

துணைக்கு ரெண்டு பேரு கெளம்புனாங்க. ஒருத்தன் ஒச்சம்மாவோட தம்பி மொக்கச்சாமி. இன்னொருத்தன் பக்கத்துக் காட்டுக்காரன் பூலோகம். பூலோகம் கையில ஒரு வாளித் தண்ணி.

"எதுக்குடா தண்ணி?"ன்னான் சடையாண்டி.

"கடைக்காரன் எரிஞ்சு விழுந்தா அணைக்க வேணாமாண்ணே? பாவம், புள்ளகுட்டிக்காரனா இருப்பான்."

அடடா, இவனுக்கு எவ்வளவு நல்ல மனசுன்னு சடையாண்டிக்குக் கண்ணு கலங்கிருச்சு.

டவுன்ல மொதக் கடை. உள்ள போனதும் மொக்கச்சாமி ஆரம்பிச்சான். "இது துப்பாக்கியா?" ஆமான்னாரு கடைக்காரரு. "அதுவும் துப்பாக்கியா?" ஆமா. "அப்ப இது?" அது குடைப்பா. "குடை சுடுமா?" சுடாது. "ஏன் சுடாது?"

கடைக்காரரு மூஞ்சி கொஞ்சம் கொஞ்சமா செவந்துச்சு. சடையாண்டி குனிஞ்சு பூலோகத்துக்கிட்ட, "சூடேறுது, தயாரா இரு"ன்னான்.

"துப்பாக்கிக்கு லீவு நாளு உண்டா?"ன்னு கேட்டான் மொக்கச்சாமி.

"வெளிய போங்கய்யா!"ன்னு கத்தினாரு கடைக்காரரு.

"பத்திக்கிச்சு!"ன்னு பூலோகம் வாளியைக் கவுத்தான்.

சொட்டச் சொட்ட நனைஞ்ச மனுசன் அவங்களைத் தெருமுனை வரைக்கும் வெரட்டினாரு. நின்னு மூச்சு வாங்கும்போது மொக்கச்சாமி சொன்னான், "பாத்தியா மாமா, உசிரைக் காப்பாத்துனா நன்றி கூட இல்லை."

அடுத்த கடை சுலைகா பீவியம்மாவுது. அந்தம்மா எதுக்கும் அசையலை. ஒரு ஒத்தைக்குழல் துப்பாக்கியை எடுத்துச்சு, மடக்கித் தொறந்து காட்டுச்சு. "காலியா இருக்குதான்னு நீங்களே பாத்துக்கங்க தம்பி."

சடையாண்டி உள்ள எட்டிப் பாத்தான். மூஞ்சி வாடிப்போச்சு. "காலியாத்தாம்மா இருக்கு. வேற நல்லதாக் காட்டுங்க."

"துப்பாக்கி காலியாத்தான் குடுப்போம். ரவை தனியா வாங்கணும்."

"ரவை வீட்டுல இருக்கும்மா, டப்பா நெறைய."

மொக்கச்சாமி இடையில பூந்தான். "வறுத்த ரவையா, வறுக்காததா? மாமா, அக்கா வறுத்துல்ல வெச்சுருக்கு!"

பீவியம்மா முந்தானையை வாயில வெச்சுக்கிட்டு கொஞ்ச நேரம் குலுங்குச்சு. அப்புறம் கண்ணைத் தொடச்சுட்டு, துப்பாக்கி ரவை ஈயத்துல செய்யறது, தோட்டாவுக்குள்ளேயே இருக்கும், அதுல உப்புமா கிண்டக் கூடாதுன்னு பொறுமையாச் சொல்லி, எல்லாத்தையும் பொட்டலம் கட்டிக் குடுத்துச்சு. ஒரு எடத்துலகூட எரியலை, விழலை. சடையாண்டி திருப்தியா வெளிய வந்தான்.

அடுத்தது கிளப்பு. மொதக் கிளப்புல செயலாளர் ஓடி வந்து, "வாங்க, வாங்க, உக்காருங்க"ன்னு வாய் நெறையச் சிரிச்சாரு.

சடையாண்டிக்குப் பகீர்னுச்சு. "வாயை நம்ம பக்கம் திருப்பிட்டான்டா! ஓடு!"

செயலாளர் குடுக்க எடுத்த காபித் தட்டோட அப்பிடியே நின்னாரு.

ரெண்டாவது கிளப்புல ஸ்டெல்லான்னு ஒரு பயிற்சியாளர். தூரத்துல இருக்கற வட்டத்தைப் பாத்து சுட்டுக்கிட்டு இருந்தாங்க. காலடிச் சத்தம் கேட்டும் திரும்பலை. திரும்பாமலே, "யாரு? அங்கயே நில்லுங்க"ன்னாங்க.

"இதாண்ணே கிளப்பு!"ன்னான் பூலோகம். மூணு பேரும் அங்கயே சேந்துட்டாங்க. மரியாதைக்கு அவங்களும் சுவரைப் பாத்துக்கிட்டே பேசினாங்க.

"மொதல்ல குறி பாக்கப் பழகணும்"னாங்க ஸ்டெல்லா.

பூலோகம் சட்டுனு கையை நீட்டினான். "எனக்குக் கல்யாணம் எப்பன்னு பாருங்க மேடம்."

ஸ்டெல்லா ஒரு நிமிசம் கண்ணை மூடித் தொறந்தாங்க. அதுக்கப்புறம் துப்பாக்கியைத் தொடவே விடலை. சட்டத்தை மட்டும் திருப்பித் திருப்பிச் சொன்னாங்க.

"இந்தக் கோட்டுக்கு முன்னாடி ஒரு உயிர் நின்னாக்கூடச் சுடக் கூடாது. எல்லாரும் பின்னாடி வரணும். துப்பாக்கி வாய் முன்பக்கம்தான் இருக்கணும், என்ன ஆனாலும் பின்னாடி திரும்பக் கூடாது. சுட்டு முடிச்சதும் 'முன்னாடி போகலாம்'னு சொல்லணும். அப்புறம்தான் போகணும். மீறினா பேரை அடிச்சிருவேன்."

இது மட்டும் மூணு பேருக்கும் மண்டையில பச்சக்குனு ஒட்டிக்கிச்சு. தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிச்சாங்க. ஸ்டெல்லாவே அசந்துபோய், சரி, ஆபத்து இல்லைன்னு அனுப்பி வெச்சாங்க.

விடியக்காலை. கடலைக் காடு. சடையாண்டி சுண்ணாம்புல நேரா ஒரு கோடு போட்டான். துப்பாக்கியில தோட்டாவைப் போட்டான். முன்னாடி பாத்தான். பன்னிங்க மும்முரமா தின்னுக்கிட்டு இருந்துச்சுங்க. ஒச்சம்மா ஞாபகம் வந்துச்சு. தூக்கிக் குறி வெச்சான்.

"மாமா! கோட்டுக்கு முன்னாடி உயிர் நிக்குது!"

"அய்யய்யோ!" பட்டுனு எறக்கினான். "எத்தனை?"

"எல்லாப் பன்னியும் உயிரோடதான் இருக்கு மாமா."

மூணு பேரும் குந்தி உக்காந்து யோசிச்சாங்க.

"பன்னி செத்துட்டா சுடலாம்ல?"ன்னான் பூலோகம்.

"செத்தது சட்டத்துல வராது, சுடலாம். ஆனா அதுவா எப்பச் சாகறது? உங்க அக்கா எப்ப வர்றது?"ன்னு மொக்கச்சாமியைப் பாத்தான் சடையாண்டி.

"அப்ப ஒரே வழிதான் மாமா. எல்லாரையும் பின்னாடி கூப்புடுவோம்."

பூலோகம் வீட்டுக்கு ஓடி ஒரு மூட்டை மரவள்ளிக்கிழங்கைக் கொண்டாந்து கோட்டுக்குப் பின்னாடி கொட்டினான். வாசம் புடிச்சு பன்னிங்க ஒண்ணொண்ணா கோட்டைத் தாண்டி வந்துச்சுங்க. பெரிய ஆம்பளைப் பன்னி ஒண்ணு மட்டும் கடைசியா, ஆடி அசைஞ்சு வந்துச்சு.

"எல்லாரும் பின்னாடி வந்தாச்சா?"

"வந்தாச்சு!"

டமால்! கடலைச்செடி பறந்துச்சு. பன்னிங்க செதறி ஓடுச்சுங்க.

"பயப்படாதீங்க, உங்களைச் சுடலை!"ன்னு மொக்கச்சாமி பின்னாடியே போய் சமாதானம் பண்ணிட்டு வந்தான். சடையாண்டி துப்பாக்கியைத் தொறந்து வெச்சுட்டு, முறையா, "முன்னாடி போகலாம்!"னு கத்தினான். பன்னிங்க எட்டிப் பாத்துச்சுங்க. அப்புறம் முன்னாடி போய், விட்ட எடத்துலருந்து தின்ன ஆரம்பிச்சுச்சுங்க.

கொஞ்ச நாள்ல பன்னிங்களுக்குச் சத்தம் பழகிருச்சு. கோட்டைப் பாத்ததும் தானாவே பின்னாடி வந்து வரிசையா நின்னுச்சுங்க. கிழங்குகூடக் கேக்கலை. காட்டுல பன்னி தின்னது போக மிச்சத்தைச் சடையாண்டி சுட்டுக்கிட்டு இருந்தான்.

அம்மா வீட்டுல ஒச்சம்மாவுக்குத் தினமும் டமால் டமால்னு கேட்டுச்சு. நம்ம ஆளு கூண்டோட ஒழிச்சுட்டான் போலன்னு பூரிச்சுப் போயி, பெட்டியைத் தூக்கிட்டு நேரா காட்டுக்கே வந்தா.

வந்து பாத்தா, காடு காலி. கோட்டுக்குப் பின்னாடி புருசன், தம்பி, பூலோகம், அவங்களை ஒட்டி வரிசையா பன்னிங்க.

பெட்டி நழுவிக் கீழ விழுந்துச்சு. "ஏய்யா, இதுகளைச் சுடலையா நீ?"

"எப்பிடிச் சுடறது ஒச்சம்மா? எல்லாம் பின்னாடில்ல நிக்குது."

"திரும்பிச் சுட வேண்டியதுதான!"

மூணு பேரும் காதைப் பொத்திக்கிட்டாங்க. "வாயைப் பின்னாடி திருப்பறதா? வெளிய சொல்லிராத, கிளப்புல பேரை அடிச்சிருவாங்க!"ன்னான் சடையாண்டி.

"அட கூறு கெட்டவங்களா! இந்த வரிசையில வெவரம் தெரிஞ்ச ஆளு ஒருத்தன்கூட இல்லையா?"ன்னு சேலையைத் தூக்கிச் செருகிட்டு, மிச்சம் மீதிக் கடலையையாவது புடுங்குவோம்னு கோட்டைத் தாண்டி விறுவிறுன்னு காட்டுக்குள்ள போனா.

பெரிய பன்னி தலையைத் தூக்கி அவளைப் பாத்து, "உர்ர்ர்"னுச்சு.

சடையாண்டி பதறிப்போனான். "பாத்தியா, சீனியருக்கே கோவம் வந்துருச்சு! மரியாதையா பின்னாடி வந்து நில்லு ஒச்சம்மா. அவருக்குப் பக்கத்துல எடம் விட்டுருக்காரு பாரு!"