பாதி நோட்டு

பாளையங்கோட்டையில், பழைய ரூபாய் நோட்டு சேர்க்கிறவர்களுக்கு அவற்றிலுள்ள கையெழுத்துகளை அடையாளம் காணச் சொல்லிக்கொடுப்பவர் ஜுலைகா டீச்சர். அவரிடம் பாடம் கேட்ட சிவசைலம் அவரைவிடப் பதினைந்து வயது மூத்தவர். நில அளவைத் துறையில் ஓய்வு பெற்றவர். ஊரார் வரப்பையெல்லாம் அளந்து தகராறு தீர்த்துவைத்த மனிதருக்குச் சொந்த அண்ணனோடு மட்டும் ஒத்துப்போகவில்லை.

அப்பா விட்டுப்போன வெள்ளைக்காரன் காலத்து நோட்டு ஒன்று. நடுவில் வெட்டி, பின்னால் தாள் கொடுத்து ஒட்டியது. பாகப்பிரிவினையின்போது அது யாருக்கு என்று பேச்சு முற்றியது. கடைசியில் நாலு பெரியவர்கள் முன்னிலையில் ஈரத்துணி போட்டு ஒட்டியதைப் பிரித்து, ஆளுக்கொரு பாதியை எடுத்துக்கொண்டார்கள். இப்படியும் மனுஷர்கள். ஆச்சு, பதினோரு வருஷம். அண்ணன் தம்பிக்குள் பேச்சுவார்த்தை இல்லை.

கையெழுத்து உள்ள பாதி தம்பியிடம். அதில் கையெழுத்துப் போட்ட வெள்ளைக்காரத் துரை பேனாவை எங்கே அழுத்தினார், எங்கே தூக்கினார் என்பதெல்லாம் சிவசைலத்துக்கு அத்துப்படி.

"அசல்தானே, டீச்சர்?"

"அசல்தான் அண்ணாச்சி. துரை கை உங்களுக்கு இம்புட்டுத் தெரியுதே, உங்க கூடப்பிறந்தவர் கையெழுத்தைக் கடைசியா எப்பப் பாத்தீங்க?"

"பாகப் பத்திரத்துல."

"எப்படி இருந்துச்சு?"

சிவசைலம் லென்ஸைத் துடைத்தார். துடைத்ததையே மறுபடியும் துடைத்தார்.

"கோணல் மாணலா இருந்துச்சு. அழுதுக்கிட்டேதான் போட்டாரு."

அண்ணனை மனசு தேடத்தான் செய்தது அவருக்கு, வீம்புதான் விடவில்லை.

டீச்சர் நோட்டை உறையோடு எடுத்து, வெட்டின ஓரத்தைக் காட்டினார்.

"இதை எதுக்கு வெட்டுனாங்க?"

"தபால்ல களவு போகாம இருக்க. முதல்ல ஒரு பாதியை அனுப்புவாங்க. வந்து சேந்துச்சுன்னு பதில் வந்த பிறகு மத்த பாதி போகும். அங்க ஒட்டிக்கிடுவாங்க."

டீச்சர் இழுப்பறையைத் திறந்து ஒரு தபால் கவரை எடுத்து அவர் முன்னால் வைத்தார். பக்கத்தில் பேனாவையும் வைத்தார்.

சிவசைலத்துக்கு விளங்கிவிட்டது. சட்டென்று நோட்டின் மேல் கையை வைத்துக்கொண்டார்.

"கையெழுத்து இந்தப் பாதியிலதான இருக்கு, டீச்சர்."

"ஆமா."

"ஏழு வருஷமா இதைத்தான் படிச்சுக்கிட்டு இருக்கேன்."

"தெரியும் அண்ணாச்சி."

ரொம்ப நேரம் கழித்துப் பேனாவை எடுத்தார். அண்ணன் பெயரை எழுதினார். தெருப் பெயரை எழுதினார்; இருவரும் பிறந்த வீடு இருக்கிற தெரு அது. ஊர்ப் பெயருக்கு வந்ததும் பேனா நின்றது.

"நான் அனுப்பி, அண்ணன் பதிலுக்கு மத்த பாதியை அனுப்பலைன்னா?"

"நோட்டு முழுசா அண்ணன்கிட்ட இருக்கும். இப்ப ரெண்டு பேருகிட்டயும் முழுசா இல்லையே."