ஒன்றையொன்று படம் எடுத்த கேமராக்கள்

நம்புகிறவர்கள் நம்பலாம். நம்பாதவர்கள் அப்படியாம்பட்டிக்கு ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வரலாம். போனால், அங்கே யாரிடமும் "கொஞ்சம் இருங்க" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். பால்காரர் ஒருத்தர் அப்படிச் சொல்லிவிட்டு வேறு ஜோலியில் மறந்து போனார். மறுநாள் காலையில் வந்து பார்த்தால், அந்த வீட்டம்மா செம்பைப் பிடித்தபடி நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். சொன்னால் சொன்னதுதான் அந்த ஊரில்.

அந்த ஊர்க்காரிதான் இசக்கியம்மாள். அவள் புருஷன் செல்லப்பா குவைத்தில் இருக்கிறான். பிள்ளை வயிற்றில் இருக்கும்போது விமானம் ஏறியவன், இன்னும் முகம் பார்க்கவில்லை. பிள்ளை வண்ணமுத்துவுக்குப் பிறக்கும்போதே தலை நிறைய முடி. இப்போது அது சுருள் சுருளாகக் காதை மூடி, கழுத்தில் இறங்கி, பார்க்கிறவர்கள் எல்லாம் ஒரு தடவை கோதிவிட்டுத்தான் போவார்கள். அந்த முடிக்குத்தான் நாள் குறித்தாகிவிட்டது. வெள்ளிக்கிழமை சாஸ்தா கோயிலில் மொட்டை.

செல்லப்பா போனில் கெஞ்சினான். "இசக்கி, மொட்டை போடுறதுக்கு முன்னால ஒரு படம் எடுத்து அனுப்பிரு. எம்பிள்ளை முடியை நான் ஒரு தடவையாவது பாக்கணும். நல்ல கேமராவா ஒண்ணு வாங்கச் சொல்லு. ரெண்டு மூணைப் பாத்து, ஒத்துப் பாத்து வாங்கணும். முடி நல்லாத் தெரியணும், ஆமா."

அப்போதெல்லாம் வீட்டில் இருந்த போனுக்குப் பேச மட்டும்தான் தெரியும். இசக்கிக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. மறுபடி முளைக்கிறது வேறு முடி. பிறந்த முடி போனால் போனதுதான்.

வியாழக்கிழமை டவுனுக்குக் கிளம்பினார்கள். முன்னால் செல்லப்பாவின் அண்ணன் மந்திரமூர்த்தி. அவருக்குப் பின்னால் தம்பிகள் தளவாயும் பலவேசமும். கடைசியாக, இடுப்பில் பிள்ளையோடு இசக்கி. அவளுக்கு மூத்தாரிடம் நேருக்கு நேர் பேசக் கூச்சம். ஏதாவது சொல்ல வேண்டும் என்றால் பிள்ளையிடம் சொல்லுவாள். "பெரியப்பாவைச் சாப்பிட வரச் சொல்லுடா" என்பாள். மந்திரமூர்த்தியும் மரியாதை தெரிந்தவர். பிள்ளை வந்து சொல்லட்டும் என்று காத்திருப்பார். பிள்ளைக்கு இன்னும் பேச்சு வரவில்லை. அதனால் அந்த வீட்டில் அவர் பெரும்பாலும் ஆறின சோறுதான் சாப்பிட்டார்.

கேமரா கடை நவாஸ் பாயுடையது. கைக்கு அடக்கமாக இரண்டு கேமராவை எடுத்துக் கண்ணாடி மேசைமேல் வைத்தார்.

"அண்ணாச்சி, இது கருப்பு. பதினாறு எம்.பி. அது சிவப்பு. பன்னெண்டு எம்.பி."

தளவாய் கருப்பை வாங்கிக் கையில் ஏந்திப் பார்த்தான். "என்ன பாய், பதினாறு எம்.பி. உள்ள இருக்க மாதிரி கனமே இல்லையே?"

"டெல்லிக்குப் போயிருப்பாங்கலே. கூட்டம் நடக்கும்லா," என்றார் மந்திரமூர்த்தி.

பாய் நல்ல வியாபாரிக்கு உள்ள பொறுமையோடு தொடர்ந்தார். "இன்னொரு விசேஷம் கேளுங்க. கருப்பு பத்து மடங்கு கிட்டக் கொண்டுவரும். எம்புட்டுத் தூரத்துல ஆள் இருந்தாலும் கண்ணு முன்னால வந்து நிப்பாரு. சிவப்பு அஞ்சு மடங்குதான்."

இசக்கி ஓரடி முன்னால் வந்தாள். பிள்ளையின் காதில் சொன்னாள்: "சித்தப்பாட்டக் கேளுடா, குவைத்துல இருக்க ஆளையும் கொண்டுவருமான்னு."

பலவேசத்துக்கு அது கேட்டுவிட்டது. "அண்ணே, மதினி சொல்லுததும் சரிதான். அண்ணனையே கொண்டுவந்துட்டா போட்டோ எதுக்கு?"

மூன்று பேரும் கடை வாசலில் கூடி நின்று யோசித்தார்கள்.

"பத்து மடங்கு கிட்ட வந்தா செல்லப்பா எங்க வந்து நிப்பான்?" என்றார் மந்திரமூர்த்தி.

"வீட்டு வரைக்கும் வராது. நடுவழியிலதான் நிக்கணும்," என்றான் தளவாய்.

"நடுவழியில என்ன இருக்கு?"

"கடலு."

செல்லப்பாவுக்கு நீச்சல் தெரியாது. ஊர்க் குளத்திலேயே படியில் உட்கார்ந்து சொம்பால் மொண்டுதான் குளிப்பான். இசக்கி பிள்ளையை இறுக்கிக்கொண்டாள்.

"அஞ்சு மடங்குன்னா?" என்று பலவேசம் கேட்டான்.

"அதுவும் கடலுதான். ஆனா அவ்வளவு தூரம் இழுக்காது. அந்தக் கரையோரமா நிப்பான். இடுப்பளவுத் தண்ணி இருக்கும்."

"அப்ப கருப்பு ஆபத்து."

"ஆபத்துதான். ஆனாலும் ஒத்துப் பாக்காம முடிவு பண்ணக் கூடாது. தம்பி சொல்லிருக்கான்," என்றார் மந்திரமூர்த்தி.

பாயிடம் போய், எப்படி ஒத்துப் பார்ப்பது என்று கேட்டார்கள். பாய் வேறொருவருக்குச் சில்லறை கொடுத்துக்கொண்டே, "ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க அண்ணாச்சி. எது நல்லதுன்னு உங்களுக்கே தெரியும்," என்றார்.

வைத்தார்கள். பார்த்தார்கள். கடை பெஞ்சில் இரண்டு கேமராவும், எதிர்ப் பெஞ்சில் இவர்கள் மூன்று பேரும். காபி வந்தது, குடித்தார்கள், கண்ணை எடுக்கவில்லை. கேமரா இரண்டும் வைத்தது வைத்தபடி கிடந்தன.

"ஒண்ணும் தெரியலையே அண்ணே," என்றான் பலவேசம். "நாம மொறைச்சுப் பாக்கவும் பயந்து கெடக்கோ என்னமோ."

மந்திரமூர்த்தி மீசையைத் தடவினார். அவர் மீசையைத் தடவினால் ஊரே அமைதியாகிவிடும். "ஏலே, நாம பாத்தா நமக்கு என்ன தெரியும்? கேமராவைப் பத்திக் கேமராவுக்குத்தான் தெரியும். ஒண்ணை ஒண்ணு பாக்கட்டும்."

தம்பிகள் அசந்து போனார்கள். உடனே கருப்பையும் சிவப்பையும் எதிர் எதிராக உட்கார வைத்து, தளவாய் கருப்பின் பொத்தானையும் பலவேசம் சிவப்பின் பொத்தானையும் அமுக்கினார்கள். பிறகு இரண்டையும் திருப்பிப் படத்தைப் பார்த்தார்கள்.

கருப்புக் கேமராவில் சிவப்புக் கேமரா தெரிந்தது. அடடா, என்ன தெளிவு! தண்ணீரில் கழுவி எடுத்த மிளகாய்ப் பழம் மாதிரி மினுமினு என்று இருந்தது. சிவப்புக் கேமராவில் கருப்புக் கேமரா தெரிந்தது. சட்டியின் அடிக்கரி மாதிரி மங்கலாக, ஒரு பக்கம் கோணி, எது தலை எது கால் என்று இல்லாமல் இருந்தது.

"பாத்தியளா?" என்றார் மந்திரமூர்த்தி. "சிவப்பு எவ்வளவு லட்சணமா இருக்கு! கருப்பு இருக்க லட்சணத்தைப் பாரு. பாய், சிவப்பையே கட்டுங்க."

பாய் மேசையைத் தாண்டி ஓடி வந்தார். "அண்ணாச்சி, அண்ணாச்சி! அந்த நல்ல படத்தை எடுத்ததே கருப்புதான்!"

"யாரு எடுத்தா என்ன பாய்? பொண்ணு பாக்கப் போனா பொண்ணைப் பாப்போமா, பொண்ணைக் கூட்டிட்டு வந்து நிக்க சித்தியைப் பாப்போமா?"

பாய்க்கு இருபது வருஷ வியாபாரத்தில் இப்படி ஒரு கேள்வி வந்ததில்லை.

இசக்கிக்கு மட்டும் மனசு கேட்கவில்லை. அந்தக் கருப்பைப் பார்க்கப் பார்க்கப் பாவமாக இருந்தது. தன் அழகைப் பற்றி நினைக்காமல் அடுத்ததை இவ்வளவு அழகாக எடுத்திருக்கிறதே, இதற்குத்தான் நல்ல மனசு, பிள்ளை முடியையும் இதுதான் ஆசையாக எடுக்கும் என்று தோன்றியது. கூச்சத்தை விழுங்கிக்கொண்டு பிள்ளையிடம் சொன்னாள். "கண்ணு, பெரியப்பாட்டச் சொல்லு. கருப்பையே வாங்குவோம்னு சொல்லு."

"அண்ணே, மதினி என்ன சொல்லுதான்னா..." என்று பலவேசம் வாயெடுத்தான்.

"சும்மா இருலே. பிள்ளைகிட்டக் குடுத்த சேதியை நீ எதுக்குச் சொல்லுத? பிள்ளை சொல்லட்டும்." மந்திரமூர்த்தி குனிந்து பிள்ளையின் வாய்க்கு நேரே காதை வைத்தார். "சொல்லுடே. அம்மா என்ன சொன்னா?"

கடையே காத்திருந்தது. வண்ணமுத்து பெரியப்பாவின் காதைப் பிடித்துக் கடித்தான்.

"ஆ!" என்றார் மந்திரமூர்த்தி. காது ரத்தச் சிவப்பாகிவிட்டது. தளவாய் அதைப் பார்த்துவிட்டு, "சிவப்புங்கான் அண்ணே," என்றான். அதோடு முடிந்தது. சிவப்பைக் கட்டிவிட்டார்கள்.

இனிப் படம் எடுக்க வேண்டும். பாய் பொத்தானைக் காட்டிக் கொடுத்து, "நான் தொழுதுட்டு வந்துருதேன். அதுக்குள்ள நீங்க பிள்ளையை எடுங்க," என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

பலவேசம் பிள்ளையை எடுத்தான். தளவாய் அவனிடமிருந்து எடுத்தான். மந்திரமூர்த்தி தளவாயிடமிருந்து எடுத்தார். பாய் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டே, "எடுத்தாச்சா?" என்றார்.

"எல்லாரும் எடுத்தாச்சு."

"நல்லா வந்திருக்கா?"

"வர மாட்டேங்கான் பாய். அம்மாட்டப் போகணும்னு அழுதான்."

பாய் திரும்பி வந்து, எடுப்பது என்றால் கேமராவால் எடுப்பது என்று விளக்கிவிட்டு வேகமாக நடந்தார். இனியும் நின்றால் தொழுகை போய்விடும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

இசக்கி பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றாள். மந்திரமூர்த்தி கேமராவைப் பிடித்தார். உடனே தளவாய்க்கு ஒரு சந்தேகம்.

"அண்ணே, அண்ணன் என்ன கேட்டான்? முகமா, முடியா?"

"முடி. முடி நல்லாத் தெரியணும்னான்."

"பிள்ளைக்கு முடி எங்க நெறைய இருக்கு? முன்னாலயா, பின்னாலயா?"

மூன்று பேரும் பிள்ளையை ஒரு சுற்று சுற்றி வந்தார்கள். முன்னால் நெற்றி, கண், மூக்கு, வாய் எல்லாம் இடத்தை அடைத்துக்கொண்டிருந்தன. பின்னால்தான் ஒரு தொந்தரவும் இல்லாமல் முழுக்க முடி.

"பின்னால," என்று முடிவானது.

பாய் திரும்பி வந்து படத்தை அச்சுப் போட்டார். போட்டு முடித்து, கையில் வைத்துப் பார்த்தார். ஒரு தோள், அதன்மேல் ஒரு பெரிய சுருட்டை முடிப்பந்து. வேறொன்றும் இல்லை. இவர்கள் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்தார். படத்தை உறையில் போட்டுக் கொடுத்தார்.

இசக்கிக்குக் கண் நிறைந்துவிட்டது. ஒவ்வொரு சுருளும் வந்திருந்தது. கொஞ்சம் கலங்கலாக இருந்ததால் இன்னும் அடர்த்தியாகத் தெரிந்தது.

மறுநாள் சாஸ்தா கோயிலில் மொட்டை நல்லபடியாக நடந்தது. பிள்ளை அழுதான், இசக்கியும் அழுதாள். முடியெல்லாம் தட்டில் விழுந்து, தலையில் சந்தனம் பூசியாயிற்று. அப்போதுதான் பலவேசம் உறையிலிருந்து படத்தை எடுத்து மொட்டைத் தலைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். அவன் முகம் வெளிறிவிட்டது.

"அண்ணே! தலையில முடி போயிட்டு. படத்துல இன்னும் போகலையே!"

மந்திரமூர்த்தி தலையைப் பார்த்தார். படத்தைப் பார்த்தார். மறுபடி தலையைப் பார்த்தார். "அஞ்சு மடங்குதானலே. மெதுவாத்தான் சேதி போகும். சாயங்காலத்துக்குள்ள உதிர்ந்துரும். பொறு."

மூன்று பேரும் வேப்பமரத்தடியில் படத்தை நடுவில் வைத்துச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். உதிரும்போது பார்க்க வேண்டாமா?

இசக்கி அதைக் கேட்டாள். சாயங்காலத்துக்குள் உதிர்ந்துவிடுமா? குவைத்தில் அவர் பார்க்க வேண்டாமா? பொங்கல் இறக்கி இலை போடும் நேரம் பார்த்து, படத்தை எடுத்து, செல்லப்பாவின் விலாசம் எழுதிய உறையில் போட்டு முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள். ஓட்டமும் நடையுமாகத் தபாலாபீஸுக்குப் போய், "அண்ணே, குவைத்து. சீக்கிரம் போகணும். போற வழியில உதிர்ந்துரக் கூடாது," என்று உறையை நீட்டினாள். பிறந்ததிலிருந்து முன்பின் தெரியாத ஆம்பிளையிடம் அவள் இவ்வளவு பேசினதில்லை. தபாலாபீஸ்காரர் உள்ளே பலகாரம் இருக்கிறது என்று நினைத்து, மெதுவாக முத்திரை குத்தினார்.

அதற்குப் பிறகு அவளுக்கு உறக்கமே இல்லை. போன் அடித்தபோதெல்லாம் திடுக்கிட்டாள். கடைசியில் ஒருநாள் செல்லப்பாவே கூப்பிட்டான். இசக்கி சௌக்கியம்கூட விசாரிக்கவில்லை.

"முடி இருக்கா?"

"இருக்கு இசக்கி! எம்புட்டு முடி! ரூம்ல எல்லாப் பயலும் பாத்துட்டான். ஆளாளுக்கு ஒரு தடவை தடவிப் பாத்தானுவ."

இசக்கி அப்படியே சுவரில் சாய்ந்தாள். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. அந்தப் பக்கம் செல்லப்பாவும் மூக்கை உறிஞ்சினான். பிறகு கொஞ்சம் தயங்கினான்.

"முகம்தான் இன்னும் பாக்க முடியல. படத்துல பிள்ளை அந்தப் பக்கம் திரும்பி இருக்கானா, சரி, பின்னால முகம் இருக்கும்னு நானும் படத்தைத் திருப்பிப் பாத்தேன். வெறும் வெள்ளையா இருக்கு. நான் திருப்புததுக்குள்ள அவனும் திரும்பிக்கிடுதான். வெக்கப்படுதான் இசக்கி. அப்படியே உன்ன மாதிரி."

"பழகாத ஆளுன்னா அப்படித்தான் செய்வான்," என்றாள் இசக்கி, வெட்கத்தோடு.

"நானும் விடல. நேத்து வேலை விட்டு வந்ததுலேர்ந்து படுக்க வரைக்கும் வெடுக்கு வெடுக்குன்னு திருப்பிப் பாத்துக்கிட்டேதான் இருக்கேன். எப்படியும் ஒரு தடவை ஏமாந்துருவான்லா?"

இசக்கி பதறிப் போனாள்.

"ஐயோ, என்ன வேலை பாத்திய! அதான் இங்க நேத்து ராத்திரி பூரா பிள்ளை உறங்காம உருண்டு உருண்டு கெடந்தான். மெதுவாத் திருப்புங்க. அவனுக்குத் தலை சுத்தும்லா!"