ஒரு கரண்டி கசப்பு

பலெர்மோ நகரில் ஒர்னெல்லா என்றொரு பெண் அமாரோ தயாரித்து விற்றுவந்தாள். வேர்களையும் பட்டைகளையும் ஊறவைத்துச் செய்யும் கசப்பு மது அது. இத்தாலியர்கள் சாப்பாடு முடிந்ததும் சின்னக் குவளையில் கொஞ்சம் குடிப்பார்கள்.

அவளிடம் தொழில் கற்றவர் தவராசா. பருத்தித்துறையிலிருந்து போனவர். குருவைவிடப் பதினெட்டு வயது மூத்தவர்.

முதல் நாள் அவள் ஒன்றுதான் சொல்லிக்கொடுத்தாள். "முதல் வாய்க்கு முகம் சுளிக்கும். அதை வைத்து முடிவு செய்யாதீர்கள். இரண்டாவது வாய்வரை பொறுங்கள்."

ஆறு வருடத்தில் அவர் ருசி பார்த்துத் தலையசைக்காமல் ஒரு போத்தலும் வெளியே போகாது என்றாயிற்று.

பிறகு அவருக்கு ஒரு காய்ச்சல் வந்தது. போகும்போது அது நாக்கின் ருசியையும் கொண்டுபோய்விட்டது. சோறும் மணலும் வாயில் ஒன்றுபோல இருந்தன. மூன்று நாள் மறைத்துப் பார்த்தார். நான்காம் நாள் ஏப்ரனைக் கழற்றி மேசையில் வைத்தார். ருசி தெரியாதவனுக்கு இங்கே என்ன வேலை என்றார்.

ஒர்னெல்லா அவரைப் போகவிடவில்லை. போத்தல்களுக்கு லேபிள் ஒட்டச் சொன்னாள். தினமும் மதியச் சாப்பாட்டுக்கு முன் ஜென்ஷியன் வேர் ஊறிய தண்ணீர் ஒரு கரண்டி கொடுத்தாள். அவளிடம் இருந்த வேர்களிலேயே கடுங்கசப்பு அதுதான்.

அவர் விழுங்குவார். இல்லை என்று தலையாட்டுவார். அவள் கரண்டியைக் கழுவி வைப்பாள்.

இரண்டு மாதம் இப்படியே போயிற்று.

ஒரு வியாழக்கிழமை அவர் முகம் கோணியது. மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார். கண்ணிலிருந்து நீர் வழிந்தது.

"இன்னும் ஒரு கரண்டி" என்றார்.

கொடுத்தாள். பிறகு அவளுடைய அமாரோவை இரண்டு குவளைகளில் ஊற்றி, ஆரஞ்சுத் தோலைக் கிள்ளிப் போட்டாள். இருவரும் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தார்கள். அன்று அவர் மதியம் நன்றாகச் சாப்பிட்டார்.

சாப்பிட்டுக் கை கழுவியபின் கேட்டார்.

"தேன் இருந்தது. சர்க்கரைப் பாகு இருந்தது. ஏன் தினமும் அந்தக் கசப்பையே கொடுத்தீர்கள்?"

"இனிப்பைக் கொடுத்திருந்தால், என் மனம் நோகக்கூடாதென்று இரண்டாம் நாளே இனிக்கிறது என்று சொல்லியிருப்பீர்கள்" என்றாள் ஒர்னெல்லா. "அடுத்தவருக்காக யாரும் கசக்கிறது என்று சொல்வதில்லை."