தையல்நாயகி நின்ற இடம்

ஆடி மாதத்தில் விருத்தாசலத்துக் கல்யாண மண்டபங்கள் காலியாகக் கிடக்கும். அவற்றில் ஒன்றைக் குறைந்த வாடகைக்குப் பிடித்து, பூங்காவனம் நாடக ஒத்திகை நடத்துவார். இளவயதில் அறிவொளி இயக்கத்தில் தெருத்தெருவாக நடித்தவர். சினிமாப் பக்கம் போனதே இல்லை. ஆனால் சினிமாவில் இருக்கும் சிலர் சத்தமில்லாமல் அவரிடம் வந்து கற்றுக்கொண்டு போவதுண்டு.

ஒரு நாள் காலை நடனசபாபதி வந்தார்.

அவரை எல்லோருக்கும் தெரியும். தொலைக்காட்சித் தொடர்களில் கதாநாயகிக்கு அப்பாவாக வருகிறவர். ஐம்பது வருடங்களுக்கு முன்னால் அவர் மாஸ்டர் சபா. ஏழு வயதில், ஒரு படத்தில், வாசற்படியில் உட்கார்ந்து அந்தப் பையன் அழுத அழுகைக்குத் தியேட்டரே சேர்ந்து அழுதது.

பூங்காவனத்தைவிட அவருக்கு ஐந்தாறு வயது கூட. ஆனாலும் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, ஜமக்காளத்தில் கடைசி ஆளாக உட்கார்ந்தார். ஒத்திகை முடியும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

எல்லோரும் எழுந்த பிறகு பூங்காவனம் கேட்டார். "என்ன கத்துக்கணும் சார்?"

"அழணும், டீச்சர்."

பக்கத்தில் நின்ற யாரோ சிரித்துவிட்டார்கள். சபாபதி சிரிக்கவில்லை.

"உங்களுக்கா?"

"எனக்குத்தான்."

"நாளைக்கு வாங்க."

மறுநாள் பூங்காவனம் அவரை நடுவில் உட்காரவைத்தார். "மகளைக் கட்டிக்கொடுத்து அனுப்புறீங்க. கார் கிளம்பிடுச்சு. அழுங்க."

சபாபதி ஒரு நிமிடம் தரையைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்தார். கீழுதடு லேசாக நடுங்கியது. முதலில் இடது கண்ணில் நீர் கட்டி நின்று வழிந்தது. துண்டின் முனையை வாயில் வைத்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஜமக்காளத்தில் இருந்த இரண்டு பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

அவர் சட்டென்று நிறுத்திவிட்டு முகத்தைத் துடைத்தார்.

"இதுதான் வருதே சார்" என்றார் பூங்காவனம்.

"இது தொழில் டீச்சர். எங்கம்மா செத்ததுக்கு வரல."

நடந்தது மண்டபத்தில் இருந்தவர்களுக்கும் தெரியும். ஆனி மாதம் அவருடைய அம்மா தையல்நாயகி இறந்துபோனார். படப்பிடிப்பிலிருந்து மேக்கப்பைக்கூடச் சரியாகக் கலைக்காமல் ஓடிவந்த மகன், தலைமாட்டில் கல் மாதிரி நின்றார். யாரோ செல்போனில் எடுத்தார்கள். ஊரையே அழவைத்தவனுக்குப் பெற்றவளுக்காக ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை என்று எழுதி எல்லோருக்கும் அனுப்பினார்கள்.

"அவங்க சொல்றதுக்காக வந்தீங்களா?"

"இல்ல டீச்சர். அவங்க சொல்றது சரிதானேன்னு வந்தேன்."

பூங்காவனம் எதிரில் உட்கார்ந்தார். "அம்மாவப் பத்திச் சொல்லுங்க."

சபாபதி சொன்னார்.

தையல்நாயகி கைக்குழந்தையோடு சீர்காழிப் பக்கத்திலிருந்து கோடம்பாக்கம் போனவள். புருஷன் இல்லை. கூட்டத்தில் நிற்கிற வேலைக்குத்தான் கூப்பிட்டார்கள். சந்தைக் கூட்டம், திருவிழாக் கூட்டம், சாவு வீட்டுக் கூட்டம். எந்தப் படத்திலும் அவளுக்கு ஒரு வரி வசனம் கிடைத்ததில்லை. பையனை விட்டுவிட்டு வர இடமில்லாததால் இடுப்பில் தூக்கிக்கொண்டே போவாள். அப்படி ஒரு டைரக்டர் கண்ணில் பட்டவன்தான் சபா.

"அந்த அழுகை ஷாட் அன்னிக்கு எனக்கு அழ வரல. கிளிசரின் போட்டாங்க, கண்ணு எரிஞ்சுது, கத்தினேன். டைரக்டர் அது வேணாம்னுட்டாரு. தொடையில கிள்ளினாங்க. கோவந்தான் வந்துச்சு. மறுநாள் அந்த ஸ்டுடியோ ஃப்ளோர் வேற படத்துக்குப் போயிடும். எல்லாரும் தவிச்சாங்க. டைரக்டர் கொஞ்ச நேரம் எங்கயோ போயிட்டு வந்தாரு. என் பக்கத்துல குந்தி உக்காந்தாரு. தம்பி, உங்கம்மா டீ குடிக்க வெளிய போனாங்கடா, லாரி அடிச்சிட்டுது, போயிட்டாங்கன்னாரு."

"நீங்க?"

"முதல்ல சிரிச்சேன். சும்மா சொல்றீங்கன்னேன். யாருமே சிரிக்கல. அப்புறம் எனக்கு ஒண்ணும் தெரியல டீச்சர். நீங்க படத்துல பாக்குறது அதான்."

"அப்புறம்?"

"கட் சொன்னாங்க. பெரிய லைட்டுக்குப் பின்னாலேருந்து எங்கம்மா ஓடி வந்தா. அவ்வளவு நேரமும் அங்கதான் நின்னிருக்கா. செத்தவ எதிர்ல வந்து நின்னா எப்படி இருக்கும்? நான் பயந்துபோய் கேமராக்காரர் கால்ல ஒளிஞ்சுக்கிட்டேன். என்னைத் தொடாதேன்னு கத்தினேன். நீட்டின கையோட அப்படியே நின்னா. ராத்திரி கேட்டேன், உனக்குத் தெரியுமான்னு. பதிலே சொல்லல. அதுலயே தெரிஞ்சுபோச்சு, அவளக் கேட்டுக்கிட்டுத்தான் செஞ்சிருக்காங்கன்னு."

அவர் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அதுக்கப்புறம் அவ ஃப்ளோருக்குள்ள வரவே மாட்டா. ஸ்டுடியோ வாசல்லயே உக்காந்திருப்பா. ஊரே பாத்த அந்தப் படத்த அவ மட்டும் பாக்கல. எனக்கு அது வேற ஆத்திரம்."

படங்கள் வரிசையாக வந்தன. பிறகு குரல் உடைந்தது. பையன் வளர்ந்துவிட்டான் என்று சொல்லி அனுப்பினார்கள். கதாநாயகனின் தம்பியாக, நண்பனாக, போலீஸ்காரர்களில் ஒருவனாக நடித்தார். கதாநாயகனாக நடித்த ஒரே படம் பெட்டிக்குள்ளேயே முடங்கியது. மேடை நாடகங்களில் சில வருடம். மற்றவர்களுக்கு டப்பிங் பேசிச் சில வருடம். தலை நரைத்த பிறகு தொலைக்காட்சி அவரை அப்பாவாக்கியது.

"எங்க போனாலும் அந்த அழுகையத்தான் கேப்பாங்க. பேட்டியில எல்லாம், டைரக்டர் சொல்லிக்கொடுத்தாரு, நடிச்சேன்னே சொல்லுவேன். உண்மையச் சொன்னதில்ல. அம்மாவைக் காட்டிக்கொடுக்க வேணாம்னு நெனச்சேனா, என்னோடது நடிப்பா இருந்தாத்தான் பெருமைன்னு நெனச்சேனா, தெரியல."

"அம்மா கேட்டதே இல்லையா?"

சபாபதி தலையைக் குனிந்துகொண்டார்.

"ஒரே தடவ. போன தை மாசம். படுக்கையில கெடந்தா. கஞ்சி கொடுத்துட்டு எழுந்திரிச்சேன். கையப் பிடிச்சா. சபா, அன்னிக்கு நீ நெசமாவே அழுதியாடான்னு கேட்டா."

"என்ன சொன்னீங்க?"

"நடிச்சேன்னு சொன்னேன்."

யாரோ மின்விசிறியை நிறுத்தினார்கள்.

"உனக்காகத்தான்மா அழுதேன்னு சொல்ல வாய் வரைக்கும் வந்துச்சு, டீச்சர். சொல்லல. அம்பது வருஷம் கழிச்சு அவளுக்கு அது ஒரு சந்தோஷமான்னு நெனச்சுட்டேன். நெசமாவான்னு மறுபடி கேட்டா. ஆமாம்மா, நடிப்புதான்னு அழுத்திச் சொன்னேன். அப்போ சரிப்பா, எனக்கு இப்பத்தான் நிம்மதின்னா. கையை விட்டுட்டா. அப்புறம் அதப் பத்திப் பேசவே இல்ல."

பூங்காவனம் "நாளைக்கும் வாங்க" என்றார்.

கல்யாண வீடியோ எடுக்கிறவர்கள் விட்டுப்போன பெரிய விளக்கு ஒன்று மண்டபத்தின் சாமான் அறையில் இருந்தது. மறுநாள் பூங்காவனம் அதை எடுத்து வரச் சொன்னார். மணமேடைப் படிக்கு எதிரே நிறுத்தி, ஜன்னல்களை எல்லாம் சாத்தினார்.

குழுவில் பெரியநாயகம் என்று ஒருவர். மினி பஸ் ஓட்டுகிறவர். நாற்பது வயது, நல்ல உடம்பு, தடித்த மீசை.

"நீங்க சபா. ஏழு வயசு. படியில உக்காருங்க."

"எனக்கு மீசை இருக்கே டீச்சர்."

"இருக்கட்டும்."

சிலர் சிரித்தார்கள். பெரியநாயகம் வேட்டியை முழங்காலுக்கு மேல் இழுத்துக்கொண்டு படியில் உட்கார்ந்தார்.

சபாபதி தானாகவே டைரக்டரின் இடத்துக்குப் போனார். அதுதான் தன் இடம் என்று நினைத்திருப்பார்.

"அங்க இல்ல சார். அது நான். நீங்க விளக்குக்குப் பின்னால."

"அங்க யாரு?"

"தையல்நாயகி."

சபாபதி அவரைப் பார்த்தார். விளக்குக்குப் பின்னால் போய் நின்றார். கையைக் கட்டிக்கொண்டார்.

"ஒண்ணே ஒண்ணு, சார். ஷாட் முடியற வரைக்கும் அங்கிருந்து அசையக் கூடாது. குரல் கொடுக்கக் கூடாது. நீங்க இருக்குறது பையனுக்குத் தெரிஞ்சா எல்லாம் கெட்டுப்போகும்."

"சரி."

விளக்கைப் போட்டார்கள். வெளிச்சம் முழுவதும் படியில் விழுந்தது. பின்னால் நின்றவர் இருட்டில் மறைந்தார்.

பூங்காவனம் படியருகே குந்தி உட்கார்ந்தார். பெரியநாயகத்தின் முதுகில் கை வைத்தார். மெதுவாகச் சொன்னார். "தம்பி, உங்கம்மா வெளிய போனாங்கடா. லாரி அடிச்சிட்டுது. போயிட்டாங்க."

பெரியநாயகம் சிரித்தார். "சும்மா சொல்றீங்க."

பூங்காவனம் சிரிக்கவில்லை. யாருமே சிரிக்கவில்லை.

பெரியநாயகம் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். அந்தப் பெரிய உடம்பு மெல்லச் சுருங்கியது. "அம்மா எங்க?" என்றார். "எங்கம்மா எங்க?" பிறகு வாசல் பக்கம் திரும்பி, "அம்மா" என்று கத்தினார்.

விளக்குக்குப் பின்னால் கட்டியிருந்த கை அவிழ்ந்தது.

"அம்மா, வாம்மா."

சபாபதி ஓரடி எடுத்து வைத்தார்.

"அசையாதீங்க. ஷாட் போயிட்டிருக்கு" என்றார் பூங்காவனம், திரும்பிப் பார்க்காமல்.

சபாபதி விளக்குக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். கம்பி சுட்டிருக்க வேண்டும். விட்டுவிட்டுத் தன் சட்டையையே பிடித்துக்கொண்டார். பெரியநாயகம் படியில் சரிந்து, முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டு, சத்தமே வராமல் குலுங்கினார். மறுபடி ஒரு முறை அம்மா என்றார். இந்த முறை கூப்பிடுகிற மாதிரி இல்லை. கூப்பிட்டு இனிப் பயனில்லை என்று தெரிந்துகொண்ட குரல்.

சபாபதி வெளிச்சத்துக்குள் ஓடி வந்தார். விளக்கு ஒரு பக்கம் சாய்ந்தது. யாரோ தாங்கிப் பிடித்தார்கள். அவர் படியில் மண்டியிட்டு பெரியநாயகத்தின் தலையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டார்.

"இருக்கேன்டா. எங்கயும் போகலடா. இங்கதான்டா நின்னுட்டிருக்கேன்."

பெரியநாயகம் நடிப்பை நிறுத்திவிட்டார். என்ன செய்வதென்று தெரியாமல் அந்தப் பிடிக்குள் அப்படியே இருந்தார்.

கட் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

பிறகு பூங்காவனம் மற்றவர்களை டீ குடித்துவிட்டு வரச் சொன்னார். பெரியநாயகமும் மெல்ல விலகி எழுந்து போனார். பூங்காவனம் ஜன்னல்களைத் திறந்துவிட்டு வந்து, படியில் சபாபதிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

சபாபதி தரையைப் பார்த்தபடியே சொன்னார்.

"என்னால கட் சொல்ற வரைக்கும் நிக்க முடியல."

"ஆமா."

"அவ நின்னா."

"நின்னாங்க."

"ஏன் நின்னான்னு அம்பது வருஷமா கோவப்பட்டிருக்கேன். எப்படி நின்னான்னு ஒரு நாளும் நெனச்சுப் பாக்கல." அவர் கண்களைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். காய்ந்திருந்தன. "இப்பவும் வரல டீச்சர்."

"வராட்டிப் போகுது."

"அழுதா அவளுக்குப் போய்ச் சேரும்னு நெனச்சேன். அன்னிக்கு அழுததும் நடிப்புன்னு சொல்லிட்டேன். செத்தன்னிக்கும் ஒண்ணும் வரல. இவன் எனக்காக ஒரு தடவகூட அழலன்னு நெனச்சுக்கிட்டேதான் போயிருப்பாளா? நான் சொன்னத நம்பிட்டாளா? அது மட்டும் தெரிஞ்சா போதும்."

பூங்காவனம் கேட்டார். "பெரியநாயகம் நடிக்கிறாருன்னு உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்."

"அப்புறம் ஏன் சார் ஓடி வந்தீங்க?"

சபாபதி விளக்கு நின்ற பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"அங்க நின்னு அந்தக் குரலக் கேட்டவங்க, யார் வந்து நடிப்புன்னு சொன்னாலும் நம்ப மாட்டாங்க. நீங்களே சொன்னாலும் சரி."

சபாபதியின் தோள்கள் தளர்ந்தன. வந்த நாளிலிருந்து முதல் தடவையாக மூச்சை நன்றாக இழுத்துவிட்டார். "அப்போ அவளுக்குத் தெரியும்" என்றார். தனக்குத்தானே மறுபடி ஒரு தடவை சொல்லிக்கொண்டார். "தெரிஞ்சுதான் போயிருக்கா."

தெருவில் டீக்கடைப் பக்கமிருந்து பேச்சுச் சத்தம் கேட்டது. மற்றவர்கள் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள்.

திடீரென்று அவர் முகம் மாறியது.

"நம்பலன்னா, நிம்மதின்னு ஏன் டீச்சர் சொன்னா?"

பூங்காவனம் சொல்லாமல் விட்டுவிடலாமா என்று யோசித்த மாதிரி இருந்தது.

"மன்னிப்புக் கேக்கத்தான் சார் உங்க கையப் பிடிச்சாங்க. நீங்க ஒண்ணுமே நடக்கலன்னு சொல்லி, கேக்கவிடாமப் பண்ணிட்டீங்க. அதுக்கு மேல அவங்க வேற என்ன சொல்லுவாங்க?"

சபாபதி, அம்மா பிடித்திருந்த கையை விரித்துப் பார்த்தார். பிறகு மூடிக்கொண்டார்.